லேபிள் மேல் பழி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளின் கழுத்து வெட்டி வெட்டி இழுத்ததற்குக் காரணம் பனியனின் நெக் லேபிள் என்று நம்பினேன்.

சிரிக்காதீர்கள். திருப்பூரில், தைத்து வரும் பனியன்களைச் சரிபார்க்கிற செக்கிங் யூனிட் நடத்துகிறவனுக்கு உலகத்தின் சகல துன்பங்களும் தையலில்தான் ஆரம்பிக்கும்!

மகிழினிக்கு எட்டு வயது. போன மாதம் ஒரு காலை, இட்லியை மென்றபடியே தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் வெட்டினாள். மறுபடியும் வெட்டினாள். கண்ணை வேறு இறுக்கி இறுக்கிச் சிமிட்டினாள். முந்தின நாள் வரை இப்படி எதுவுமே கிடையாது.

“லேபிள் குத்துது சுமதி. ஓரத்த மடிச்சு அடிக்காம விட்டிருக்கான்” என்றேன் மனைவியிடம், நிபுணர் குரலில்.

நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பனியன், நைட் டிரெஸ், ஸ்கூல் யூனிஃபார்ம்... எதையும் விடவில்லை. வேகத்தில் என் சட்டைகளுக்கும் லேபிள் போய்விட்டது.

“ஏனுங்க, அவளுக்குத்தான கழுத்து இழுக்குது? உங்க சட்டை என்னுங்க பாவம் பண்ணுச்சு?” என்றாள் சுமதி.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வெறும் துண்டோடு வந்து நின்றாள் மகிழினி. தலை வெடுக்கென்று வெட்டியது.

துண்டில் ஏது லேபிள்?

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தேன்.

“கழுத்த அப்படிப் பண்ணாத கண்ணு.”

“நான் பண்றதில்லீங்ப்பா. அதுவாப் பண்ணுது. நீங்க நிறுத்துங்ப்பா.”

மெஷின் என்றால் சுவிட்சை அணைத்துவிடலாம். இதை எங்கே அணைப்பது?

அடுத்தடுத்த நாட்களில் கை கழுவ ஆரம்பித்தாள். சோப்புப் போட்டு, கழுவி, துடைத்து, மறுபடியும் சோப்பு. விரல் தோல் உரிந்துவிட்டது. நான் கம்பெனிக்குக் கிளம்பினால் வாசலை மறித்து நின்று அழுதாள். “நீங்க போனா திரும்பி வரமாட்டீங்க!” தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வருகிற வாயாடி அவள். அந்தப் பிள்ளையை யாரோ எடுத்துக்கொண்டு, அதே முகத்தில் வேறு ஒருத்தியை விட்டுவிட்டுப் போனது போலிருந்தது.

போனில் தேடினேன். தேடக் கூடாது என்று தெரிந்தேதான் தேடினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இல்லாத வியாதியே இல்லை. அதில் பாதி எனக்கும் வந்திருந்தது! பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பன் அழுவது பிள்ளைக்குக் கேட்கக் கூடாது, பாருங்கள்.

வெளியிலிருந்து சுமதி குரல் கொடுத்தாள். “தண்ணி வீணாப் போகுதுங்க. வெளிய வந்து அழுங்க, சேர்ந்தே அழுவோம்.”

மறுநாள் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா மகிழினியோடு பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசிக்கொண்டே அவளைக் கவனித்தார். பிறகு என்னிடம் திரும்பி, “டிக் மாதிரி இருக்குதுங்க” என்றார்.

செக்கிங் டேபிளில் டிக் போட்டால் பீஸ் ஓகே என்று அர்த்தம். பேக்கிங்குக்கு அனுப்பிவிடலாம். என் பிள்ளை பாஸ்! நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“ரொம்ப நன்றிங்க டாக்டர்!”

“உக்காருங்க சார். டிக்குங்கிறது, பசங்க நினைக்காமலே உடம்பு வெட்டி இழுக்கறது.”

உட்கார்ந்தேன்.

“சமீபத்துல காய்ச்சல், தொண்டை வலி ஏதாச்சும் வந்துச்சுங்களா?”

“வந்துதுங்க. ரெண்டு மூணு நாள்ல சரியாப் போச்சுங்க” என்றாள் சுமதி.

“காய்ச்சல் போயிருக்கும். கிருமி போச்சான்னு பார்க்கணும். தொண்டைக் கிருமியோட சண்டை போடக் கிளம்புற உடம்பு, சில பசங்களுக்குத் தப்பா மூளையையும் சேர்த்து அடிச்சுருது. வெட்டு, பயம், கை கழுவறது எல்லாம் திடீர்னு ஒண்ணா வர்றதால அந்தச் சந்தேகம் வருது. ஆனா இதுதான்னு இன்னைக்கே சொல்லமாட்டேன். வேற எதுவும் இல்லைன்னும் பார்த்துரலாம்.”

தொண்டையா? கழுத்துக்கு வெளியே அத்தனை தையலையும் பிரித்துப் பார்த்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லையே! பயந்துபோன மனிதன் தனக்குத் தெரிந்த இடத்தில்தான் தேடுவான் போலிருக்கிறது. ஜோசியருக்குக் கிரகம் கிடைக்கும்... எனக்கு லேபிள் கிடைத்தது.

தொண்டையிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை நான் அடித்த ஜோக் எதற்கும் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

தொண்டையில் கிருமி இருந்தது. மருந்தை ஒரு வேளை விடாமல் கொடுத்து முடித்தோம். கோவையில் நரம்பு டாக்டரும் பார்த்தார். கை கழுவுவது மெல்ல மெல்லக் குறைந்தது, கழுத்து வெட்டுவது நின்றது, கண் சிமிட்டல் மட்டும் இன்னும் போகவில்லை. அடுத்த தொண்டைத் தொற்றோடு எல்லாமே திரும்பி வரலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று ஒரே ஒரு தடவை இருமினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வெறும் சளி.