கையில் பிடித்த பை

என் கை ஏன் பையை விடவில்லை?

கல்யாணங்களில் பாட்டுப் போட்டு டிஸ்கோ நடத்தும் கணவரின் ஒலி மிக்சர் கருவிக்கு ஈப்போவில் பை வாங்கினோம். "தோள்ல மாட்டுறது எடு லா," என்றார். சேலை கசங்குமென்று கைப்பிடிப் பையை எடுத்தேன்.

அடுத்த கல்யாணத்துக்குப் போகும் வழியில், கோப்பெங் தோட்டத்துச் செம்மண் சடக்கில் கணவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஒரு கையில் மகள், மறு கையில் மிக்சர் வைத்த பை. மகளை விட்டுவிட்டு, பையை அணைத்தபடி விழுந்தேன்.

பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கும் அக்கா ஒருவர் ஓடிவந்து மகளைத் தூக்கி நீட்டினார். "மொதல்ல அந்தப் பைய கீழ வைம்மா."

மகளுக்கு முழங்காலில் சிராய்ப்புதான். முன்னால் விழுந்த கணவர் எதையும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில், "பாப்பாவயும் காப்பாத்தி, மிக்சரயும் காப்பாத்திட்டா!" என்று பெருமையடித்தார். நான் மறுக்கவில்லை.

மகள் தடுக்கி விழும்போதெல்லாம் என் கைகளைப் பார்க்கிறேன். கணவரிடம் உண்மையைச் சொல்லட்டுமா? வாசகர்களே, நீங்கள்தான் சொல்லவேண்டும்.