அக்காவின் முன்பல்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மில் ஆபீசில் வேலை. புதிதாகச் சேருகிறவர்களின் அங்க அடையாளங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம் என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடுவேன். அந்தக் கர்வத்தில்தான் கதை எழுதவே உட்கார்ந்தேன்.

கதாநாயகி என் அக்காதான். அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவளுடைய நடை, பேச்சு, அதட்டல் எல்லாம் அப்படியே வந்திருந்தன. முன்பல் இரண்டும் எடுப்பாக இருப்பதை மட்டும் எழுதவில்லை. அந்தப் பல்லைச் சொல்லித்தான் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் வேண்டாம் என்று போயிருந்தார்கள். அவள் மனம் நோகுமே என்று ‘முத்துப் பல் வரிசை’ என்று போட்டுவைத்தேன்.

எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் அக்கா உலை வைத்துவிட்டு வந்து கதையைப் படித்தாள். முடித்ததும் தாள்களை என் மடியில் போட்டாள்.

“இவ யாருடா?”

“நீதான்க்கா.”

“நானா? என் பல்லு எங்க? ஊரான் தழும்பெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதுற. என்னை எழுத மட்டும் ஒனக்கு வெக்கமா இருக்குதா?”

வெட்கம்தான். அவளுக்காக மறைத்தேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அந்த முத்துப் பல் வரியை அடித்துவிட்டு, அந்த இரண்டு பல்லுக்கும் ஒரு பத்தி முழுதாக எழுதினேன்.

கதையை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன், பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறதாம். நாயகிக்கு அந்தப் பல் வேண்டாமாம், எடுத்துவிட்டால் போடுவார்களாம். என் பெயரை அச்சில் பார்க்கத் தவம் கிடந்தவன் நான். இருந்தும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பல் இல்லாவிட்டால் கதையும் இல்லை என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன், அந்தக் கார்டு அளவுக்கு எதிலும் எனக்குப் பெருமை இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கதை வந்தது, ஒரு வரி குறையாமல். ஓவியர் மட்டும் வாய் மூடிய அழகி ஒருத்தியை வரைந்திருந்தார். அக்கா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, படத்தின் உதட்டில் பெரிதாக இரண்டு பல் போட்டாள்.

மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில், மில் வாசலில் அந்தப் பக்கத்தை விரித்துத் தோழிகளிடம் நீட்டினாள்.

“இன்னாடி அப்படிப் பாக்குறீங்க? நான்தான்.”