ரெண்டு முனையும் சேராத பாதை

நீங்க நம்பலன்னாலும் பரவால்ல சார், கேட்டு வெச்சிக்குங்க. பேய், காத்துக் கருப்பு இதுலல்லாம் எனக்கு நம்பிக்கையே கெடையாது. மாசி மகத்துக்குக் கூட்டத்தோட கூட்டமா கோயிலுக்குப் போவேன், பொரி வாங்கித் தின்னுட்டு வந்துருவேன், அவ்ளோதான் நம்ம பக்தி. யாராச்சும் சாமி வந்து ஆடுனா எம் பொண்டாட்டி கன்னத்துல போட்டுக்குவா, நான் வாட்ச்சப் பாப்பேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் பட்டப்பகல்ல, சுத்தி ஆளுங்க நிக்கும்போது இது நடந்துச்சு.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம்தான், வருஷம் சரியா ஞாபகம் இல்ல. விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியில சூளை வேல பாத்துட்டிருந்தேன், அந்தச் சூடு கண்ணுக்கு ஒத்துக்கல. எம் பொண்டாட்டியோட அண்ணன் செல்வம் ரயில்வே காண்ட்ராக்டு வேலையில இருந்தாரு, அவருதான் என்னையும் சேத்துவுட்டாரு. வேல என்னன்னா, கடலூர் போற பாதை இருக்குதுல்ல, அது ஒத்தப் பாதை. ஒரு வண்டி வந்தா எதுத்தாப்புல வர்றது ஒதுங்க எடம் வேணும், எடம் இல்லாம காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு வுட்டுட்டிருந்தாங்க. பீங்கான் வேலைக்கு வர்ற பொம்பளைங்கல்லாம் பஸ்ஸுல தொங்கிட்டு வந்தாங்க, பாவம். அதுக்காக நடுவுல ஒரு சின்ன ஸ்டேஷன்ல, பேரு வேணாம், மெயின் பாதைக்குப் பக்கத்துலயே ஒதுங்கறதுக்கு இன்னொரு பாதை போட்டோம். லூப்பு லைனும்பாங்க.

இது நடந்த அன்னிக்கு லூப்புல தண்டவாளம் பூரா படுத்தாச்சு, ஆனா ரெண்டு முனையும் மெயின் பாதையோட சேக்கல. ரெண்டு பக்கமும் வெறும் ஜல்லி. அதுல வண்டி ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது. இத நல்லா மனசுல வெச்சிக்குங்க.

எனக்குக் காவல் வேல. மெயின் பாதையில வண்டி வந்தா விசிலு ஊதி சேப்புக் கொடி காட்டணும். விசிலு கேட்டா ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது, கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஒதுங்கிடணும், அதான் அங்க சட்டம். நான் ஊத மறந்தா ஆள் போயிடும். சும்மா சும்மா ஊதுனாலோ அடுத்த தடவ எவனும் ஒதுங்க மாட்டான், அதுலயும் ஆள்தான் போகும். இந்த பயத்துல எனக்கு மத்தியானம் சோறே எறங்காது.

அன்னிக்குக் காலையில ஒரு கரும்பு டிராக்டர் சத்தத்த வண்டின்னு நெனச்சி ஊதித் தொலைச்சிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எம் மச்சான் மட்டும் சிரிக்கல.

"இன்னொரு தடவ இப்படி ஊதுன, நாளைலேர்ந்து வூட்லயே இரு மாப்ள," அப்படின்னாரு.

உச்சி வெயிலு. தண்டவாளத்துல காத வெச்சா வண்டி தூரத்துல வர்றப்பவே தெரிஞ்சிரும், கண்ண நம்பாம அடிக்கடி அதப் பண்ணுவேன். துண்ட மடிச்சிப் போட்டு மெயின் பாதையில காத வெச்சேன், ஒண்ணும் இல்ல. சும்மா போவாம லூப்புலயும் வெச்சேன் சார். அதுல வண்டி வருது. வெயில்ல தண்டவாளம் டிக் டிக்குன்னு முறுக்கிக்கும், அது எனக்குத் தெரியும், நீங்க அதச் சொல்லாதீங்க. இது சக்கரம் உருள்ற சத்தம், கிட்ட வர வர அதிகமாவுது.

ஊதறதா வேணாமான்னு தெரியல, ஊதுனா வேல போச்சு, ஊதலன்னா என்ன ஆவும்னு நெனைக்கவே முடியல, ஊதிட்டேன். லூப்புல இருந்தவங்கல்லாம் திட்டிக்கிட்டே எறங்கிட்டாங்க. எம் மச்சான் மட்டும் குந்திக்கிட்டு போல்ட்டு முறுக்கிட்டிருக்காரு.

"ரெண்டு பக்கமும் மொட்டையா நிக்கிற பாதையில உன் தாத்தனாடா வண்டி ஓட்டிட்டு வரான்?"

நான் கொடியோட அவரப் பாத்து ஓடுறேன். பாதி தூரந்தான் போயிருப்பேன், அவரா ஸ்பேனரப் போட்டுட்டு எழுந்து சட்டுனு ஒதுங்கினாரு. வண்டி போறப்ப நாங்க எப்படி நிப்போமோ அப்படி நின்னாரு, ஒடம்பப் பின்னால சாச்சி, தலையில கட்டுன துண்ட ஒரு கையால புடிச்சிக்கிட்டு. கண்ணு ஒவ்வொரு பொட்டியாப் பாக்கற மாதிரி நகருது. வாய் அசையிது. அந்தத் துண்டு முனை படபடன்னு அடிச்சிக்குது சார், பக்கத்து வேலிக்காத்தான் முள்ளுச்செடியில ஒரு எலை ஆடல.

அப்புறம் எல்லாரும் தண்டவாளத்தப் பாத்தோம். புதுத் தண்டவாளம் துருப் புடிச்சி செம்மண் மாதிரிதான் இருக்கும், சக்கரம் ஓட ஓடத்தான் மேல் பக்கம் பளபளன்னு ஆவும். காலையில அதுல உக்காந்து என் பேண்ட்டெல்லாம் துரு. இப்ப இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் வெள்ளி மாதிரி மின்னுது. சாயங்காலம் வந்த எஞ்சினியரு யாருய்யா இதத் தேச்சதுன்னு கேட்டாரு, நாங்க சாமானத் தூக்கிட்டுக் கெளம்பிட்டோம். நாலு நாள்ல திரும்பவும் துரு ஏறிருச்சு. எம் மச்சான் என்ன பாத்தாருன்னு எத்தன தடவ கேட்டாலும் போயி வேலையப் பாருன்னு தொரத்திவுட்ருவாரு.

லூப்பு தொறந்து வண்டிங்க கூடுச்சு. மொத நாளு நாங்க ரெண்டு பேரும் பிளாட்பாரத்துல நின்னோம். லூப்புல ஒரு பாசஞ்சர் வந்து ஒதுங்குச்சு, பீங்கான் வேலைக்குப் போற பொம்பளைங்க உக்காந்து பேசிக்கிட்டு வந்தாங்க. எனக்கு மனசு நெறஞ்சிருந்துச்சு, அந்த சந்தோஷத்துல கேட்டுட்டேன், இதத்தான் அன்னிக்குப் பாத்தீங்களா மச்சான்னு.

"இது இல்ல மாப்ள. அதுல கூட்டமே இல்ல. ஜன்னலோரமா ஒருத்தன்தான் உக்காந்திருந்தான். அது நீதான். தலை பூரா நரைச்சிருந்துச்சு. இந்தப் பக்கம் நீ கொடியோட ஓடியாந்துட்டிருக்க, அந்தப் பக்கம் ஜன்னல்லயும் நீ. பேரச் சொல்லிக் கூப்புட்டேன், திரும்பவே இல்ல."

அதுக்கப்புறம் நான் அந்தப் பாதையில வண்டி ஏறுனதே இல்ல. எம் பொண்ணக் கடலூர்லதான் கட்டிக் குடுத்துருக்கேன். எல்லாரும் ட்ரெயின்ல போறாங்க, நான் முட்டி வலியோட பஸ்ஸுல குலுங்கிட்டு போயிட்டு வரேன். தலை நரைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா டை அடிச்சிக்கிறேன். வயசாயும் மினுக்கு கொறையலன்னு எம் பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா, நானும் சிரிச்சி வெப்பேன். போன மாசம் டை ஒத்துக்காம நெத்தியெல்லாம் கொப்புளிச்சிருச்சு. இனிமே அதத் தொடவே கூடாதுன்னு டாக்டரு கண்டிப்பா சொல்லிட்டாரு. இன்னிக்குக் காலையில கண்ணாடி பாத்தேன் சார். பாதித் தலை வெளுத்துருச்சு.