ஓடைக்கு அந்தப் பக்கம்

மர்டோ கோல்ஃப் மட்டையின் பிடியில் புது நாடாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. நான் அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். பாதம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"காலை ஆட்டாதே. ஆட்டினா நீயே மாட்டிக்க."

மர்டோ என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். இடது இடுப்பு மூட்டை மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. முப்பது வருடம் நர்ஸாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் தினமும் ஒரு நடை எட்டிப் பார்ப்பேன்.

மறுநாள் காலை இலையுதிர்காலப் போட்டி. ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக மர்டோவின் ஜோடி லாக்லன். முதல் குழியில் முதல் அடி மர்டோவுடையது. பந்து நூற்றிருபது கஜத்திலிருக்கும் ஓடையைத் தாண்ட வேண்டும். பயிற்சியில் மூன்று சனிக்கிழமையும் அது ஓடையிலேயே விழுந்தது. எழுபது தாண்டியவர்கள் ஓடைக்குக் கிட்டே, முன்னால் உள்ள சிவப்பு அடையாளத்திலிருந்து அடிக்கலாம். அங்கிருந்து அடி, இல்லாவிட்டால் உனக்குப் பதில் என் மருமகனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று லாக்லன் சொல்லிவிட்டார். கிளப் ஜன்னலுக்கு எதிரே சிவப்பு அடையாளத்தில் நிற்பதைவிட, கால்சட்டை இல்லாமல் நிற்கலாம் என்றார் மர்டோ.

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கறிக்கடைக்காரர் பிடி தளர்வு என்றார். பாதிரியார் பந்தைத் தாங்கும் குச்சி தாழ்வாக இருக்கிறது என்றார். மர்டோ எல்லாவற்றையும் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக வீசினார்.

அன்று மதியம் நான் துணி உலர்த்தும்போது, பின்பக்கப் புல்லில் வெறும் மட்டையை வீசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். வீசி முடித்ததும் உடம்பு பின்னால், வலது காலில் சாய்ந்தது. இடது காலில் எடையே இறங்கவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போதும் அவர் அப்படித்தான்.

"இடது கால் மேல ஏறி நில்லு."

"உடைஞ்சுட்டா, ஜீனி?"

"கெட்டுப்போனதை எடுத்து வீசியாச்சு. இப்போ உள்ளே இருக்கிறது உலோகம். உன் தலையைவிடக் கெட்டி."

சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து இருபது தடவை எழுப்பினேன். மூக்கு முன்னால் வரணும், எடை இடது காலில் இறங்கணும். பிறகு மட்டையைக் கொடுத்தேன். பாதி பலத்தில் வீச வேண்டும். வலது குதிகால் தரையைவிட்டு எழும்பி, நான் மூன்று எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். முனகினார், வேர்த்தார், என்னைப் பேய் என்றார். ஆறாவது தடவை விழாமல் நின்றார். பந்து வைத்துப் பார்க்க இடமில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே இருட்டும்வரை புலம்பினார்.

மறுநாள் காலை நான் போனபோது இடது காலுறையை அவரே மாட்டியிருந்தார், குதிகால் பாகம் மேல்பக்கம் வந்திருந்தது. சரிசெய்ய நிற்கவில்லை, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மைதானத்தில் கடற்காற்று பலமாக வீசியது. கிளப் ஜன்னல் நிறைய முகங்கள். மர்டோ சிவப்பு அடையாளத்தைப் பார்க்காமல் பின்னாலிருந்த வழக்கமான மேட்டில் ஏறினார். லாக்லன் தலையிலடித்துக்கொண்டார். பாதி பலம்தான். இடது காலில் நின்றார். உதடுகள் மூன்றுவரை எண்ணின. பந்து தாழப் பறந்து, ஓடையின் அக்கரை ஓரத்தில், முழங்கால் உயரப் புல்லில் விழுந்தது.

"அந்தப் புதர்லேருந்து நான் எப்படிய்யா அடிக்கிறது?" என்று லாக்லன் பையைத் தோளில் போட்டார்.

மர்டோ அதற்குள் பாதி வழி போயிருந்தார். நான் மீன் வாங்கப் போனேன்.