இரண்டாம் தரம் கேட்காத ஊர்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் திருத்த வந்த மனிதரிடம் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "நோ தாங்ஸ்" என்றார். வழக்கம்போல இரண்டாம் தரமும் கேட்டேன், மூன்றாம் தரமும் கேட்டேன். குறடும் கையுமாக அவர் கதவுப் பக்கம் பார்த்தார். இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இலங்கையில் எங்கள் ஊரான மன்னாரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. கேட்டவுடன் தட்டை நீட்டுபவரைக் காணாததைக் கண்டவர் என்பார்கள். கேட்பவரும் விடமாட்டார், இரண்டு தரம் கெஞ்சிவிட்டு, மூன்றாம் தரம் கேட்காமலே தட்டில் போட்டுவிடுவார்.

இந்த வித்தியாசத்தை நான் வயிற்றால் படித்தேன். எண்பதுகளின் கடைசியில், நான் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், என் கணவர் ஜெராட்டின் மேலாளர் எங்களை ஒரு ஸ்பானிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். தபாஸ் என்றால் சின்னச் சின்னத் தட்டுகள். மேசை நடுவில் வந்து கைமாறிப் போகும். கிட்டார் அடித்துப் பாடினார்கள்; பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடும் கத்தித்தான் பேசவேண்டும். விருந்து என்பதால் நான் மத்தியானம் சாப்பிடாமல் போயிருந்தேன். பொரித்த கணவாய் மீனை மேலாளரின் மனைவி நீட்டினார். "நோ தாங்யூ" என்று அழகாகச் சிரித்தேன். "நோ வொரிஸ்" என்று தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். உள்ளிப்பூண்டு போட்ட இறாலும் அப்படியே என்னைத் தாண்டிப் போனது. எனக்கு முந்தியே இந்த நாட்டுக்கு வந்த ஜெராட்டுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. நான் ஏன் சாப்பிடவில்லை என்று அவர்கள் கேட்டபோது, வாய் நிறைய இறாலோடு, "ஷி ஒன்லி ஈட்ஸ் ரைஸ்" என்றார். மேசையே சிரித்தது. ட்ராம் தரிப்பில் நின்று நான் அழுதபோது, "இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம், தெரியாதே?" என்றார்.

அதையாவது மறந்திருப்பேன். அவர் மறக்கவிட்டால்தானே? தேவாலயத்தில் பிள்ளைகள் எடுக்கும் முதல் நன்மை விருந்தோ, பிறந்தநாளோ, நாலு பேர் கூடினால் போதும், "என்ர மனுசி பட்டினி கிடந்த கதை தெரியுமோ?" என்று தொடங்கிவிடுவார். நானும் பல்லைக் கடித்துச் சிரித்தபடி எல்லாருக்கும் ரோல்ஸ் பரிமாறுவேன். இத்தனைக்கும் வீட்டில் அவர் அசல் மன்னார்க்காரர். வெள்ளைக்காரர் நீட்டினால் உடனே வாங்குபவர், நான் நீட்டினால் மட்டும் வேண்டாம் என்பார். திரும்பத் திரும்பக் கேட்காவிட்டால் முகம் தொங்கிவிடும். தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்ட சரித்திரமே இல்லை.

இத்தனை வருடமாக இதைப் பொறுத்தேன். இந்த வருடக் கலியாண நாளுக்கு அதே உணவகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதே இரைச்சல், அதே கிட்டார். கணவாய் வந்தது.

"சாப்பிடுறியளோ?" என்றேன்.

"வேண்டாம், நீர் சாப்பிடும்."

சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு வந்தது, ஒருதரம் கேட்டேன், வேண்டாம் என்றார், அதையும் முடித்தேன். காலித் தட்டை எடுக்க வந்த பெண், ஐயாவுக்கு உணவு பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஹி ஒன்லி ஈட்ஸ் ரைஸ்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத் தேன் குடித்தது போலிருந்தது.

இறால் வந்து முக்கால்வாசி முடிந்தபோது அவர் பொறுமை இழந்தார். "இன்னொருக்காக் கேட்டா என்ன குறைஞ்சு போவீர்?"

"இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம், தெரியாதே?"

அவர் முகம் மாறியது. தன் சொல் திரும்பி வந்தது அவருக்கு விளங்கிவிட்டது. தன் வெறும் தட்டைப் பார்த்தார்.

கடைசியாக ஒரு இறால் மிச்சமிருந்தது. நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன கைதான் தன்பாட்டுக்கு அதை எடுத்து அவருடைய தட்டில் போட்டது.

"வேண்டாம்" என்றார், பழக்கத்தில்.

"நோ வொரிஸ்" என்று திருப்பி எடுத்து வாயில் போட்டேன். இறால் இறங்கியது. இரண்டாம் தரம் கேட்கவேண்டிய கேள்விதான் தொண்டையிலேயே நின்றது.