ஆம்பளைங்க பக்கத்து சீட்

சனிக்கிழமை மத்தியானத்தில் டவுன் பஸ்ஸின் ரெக்சின் சீட் தோசைக்கல் மாதிரி சுடும். பாவாடையைத் தொடைக்கடியில் இழுத்து விட்டுக்கொண்டு, கிழிசலில் பிதுங்கும் தேங்காய்நார் குத்தாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். இடப்பக்கம் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஏறினாலும் ஆளுக்கொரு பக்கம்தான். "ஆம்பளைங்க பக்கம்" காலியாகக் கிடந்தாலும் பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார்கள். அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாலக்கரையில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பெரியப்பா மகள் ஸ்டெல்லா அக்கா பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருஷம். கணக்கு டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு பேப்பர் மட்டும் பிடிபடாததால் சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு டியூஷன் போனாள். எங்கள் தெருவில் ஒரு பெண் யாரோடோ போய்விட்ட சமயம் அது; பயந்துபோன பெரியப்பா, என்னையும் அக்காவோடு "துணைக்கு" அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே அக்காவுக்குக் காய்ச்சல். திரும்பும்போது பெண்கள் பக்கம் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் நின்றாள். காவிரிப் பாலத்தில் நான் தலையை வெளியே நீட்டினேன். "தலைய உள்ள இழுடி!" என்று நறுக்கென்று குட்டினாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

பாலம் தாண்டியதும் கம்பியைப் பிடித்திருந்த அக்காவின் கை நழுவியது, முகம் வெளுத்திருந்தது. நான் பார்த்தேன். எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலப்பக்க சீட்டில் நெற்றியில் நாமமும் மடியில் ஒரு துணிப்பையுமாக உட்கார்ந்திருந்த, தலை முழுக்க நரைத்த பெரியவர் ஒருவர் நகர்ந்து, "இங்க உக்காரும்மா, விழுந்துடப் போற" என்றார். அக்கா தயங்கி, விளிம்பில் உட்கார்ந்தாள். "லேடீஸ் அந்தப் பக்கம்மா" என்ற கண்டக்டரிடம், "பொண்ணுக்கு முடியலப்பா, விடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் பெரியப்பா வழக்கம்போல, "பஸ்ல சீட் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"எனக்குக் கிடைச்சுது. அக்கா ஆம்பளைங்க பக்கம் போய் உக்காந்துச்சு."

அவர் முகம் மாறியது. "யார் பக்கத்துல?"

"ஒருத்தர் பக்கத்துல."

"அவருக்கு என்ன வயசிருக்கும்?"

அந்த நரைத்த தலை என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. குட்டு வாங்கிய இடமும் வலித்துக்கொண்டிருந்தது. "சரியா பாக்கல பெரியப்பா" என்றேன்.

"வயசானவருப்பா. எனக்குத் தலை சுத்துச்சு" என்று அக்கா சொன்னாள், அழுதாள், என்னைப் பார்த்தாள். "கூட இருந்த சின்னப் புள்ளைக்கே தெரியலங்குதே" என்றார் பெரியப்பா. "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும், கிழியறது சேலைதான்" என்று பெரியம்மா சொன்னதோடு டியூஷன் நின்றது.

அந்த ஒரு பேப்பரில் அக்கா பெயிலானாள். மறுபடி எழுதுவதற்குள் திருவெறும்பூரில் வேலையிலிருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. சர்ச்சில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் "பொய் சொன்னேன்" என்று மட்டும் மொட்டையாகச் சொன்னேன். பரிகாரமாக மூன்று முறை அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து விளையாடப் போய்விட்டேன்.

போன மாதம் திருவெறும்பூருக்குப் போய் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சின்னப் புள்ளை, நெஜமாவே பாத்திருக்காதுன்னுதான்டி இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கத்தியை மறுபடி எடுத்தவள், "இத ஏன் இப்ப வந்து சொன்ன?" என்று கேட்டாள். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். எதிரே உட்கார்ந்து பரிமாறினாள்.

பாலக்கரைக்குத் திரும்பிய பஸ்ஸில் காலேஜ் பையனும் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா இல்லை, அந்த டீச்சரம்மா இருந்த வீடும் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அக்கா எனக்குப் போன் பண்ணுவாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து கடிதமாக இருந்து, பிறகு போனாக மாறிய வழக்கம் அது. மூன்று ஞாயிறுகளாக அந்தப் போன் வரவில்லை.