குடிக்காதவரின் ஈரல்

என் கணவருக்கு வயிறு வீங்கத் தொடங்கியபோது, எங்கள் கடலோர ஊரான கொண்டச்சியில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. ஐந்து வேளை தொழுகிறவர் மறைவாகக் குடிக்கிறார் என்றார்கள். அவருடைய சிவந்த முகமும் அதற்குச் சாட்சியாகிவிட்டது.

முதலில் பார்த்த டொக்டர் வயிற்றைத் தட்டிவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீங்கள்?" என்று கேட்டார்.

"நான் தொட்டதே இல்லை."

"இஞ்ச வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை."

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டை நல்லாத் தேடிப் பாருங்கோ" என்றார்.

நான் தேடினேன். எழுதவே கை கூசுகிறது. அலுமாரிக்குள் தேடினேன், வலைக் குவியலைக் கிளறினேன். ஒரு மத்தியானம் அவர் அயர்ந்து கிடக்கையில் குனிந்து வாயை முகர்ந்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன, மணக்குதோ?" என்றார். மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

நான்கு மாதம் இப்படியே போனது. இரண்டு தடவை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். கடைசியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் பெண் டொக்டர், "குளிச்ச பிறகு உடம்பு கடிக்குமோ?" என்று கேட்டார். என் கணவர் திடுக்கிட்டு, "ஓம், கனகாலமா" என்றார். கிணற்று உப்புத் தண்ணீரால் வருகிற அரிப்பு என்றே நாங்கள் இருந்துவிட்டோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தத்தையும் எலும்புக்குள் இருக்கும் மச்சையையும் சோதித்தார்கள். முடிவு வந்ததும் அந்த டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திச் சொன்னார்:

"ஈரலிலையிருந்து இரத்தம் வெளிய போற நாளங்கள் அடைச்சுப்போச்சு. எலும்பு மச்சை அளவுக்கு மிஞ்சி இரத்தத்தை உண்டாக்குது. அது தடிச்சு, கட்டிபட்டு அடைச்சிருக்கு. அரிதான வருத்தம். முகம் சிவந்ததும் குளிச்சாக் கடிக்கிறதும் அதாலதான். குடியால வந்ததில்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் என் கணவர். டொக்டரைப் பார்த்துத்தான் கேட்டார். பார்வை என்னிடம் வரவில்லை.

முன்னரே கண்டிருந்தால் ஈரல் இவ்வளவு கெட்டிருக்காதாம். இப்போது இடைக்கிடை மிஞ்சிய இரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள், உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். வயிறு வற்றிவிட்டது. ஆனால் கடலுக்குப் போக உடம்பில் பலமில்லை.

ஊரில் வீடுவீடாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம், குடிச்சா இரத்தமும் கெடும்தானே" என்றாள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். கோபமில்லை, ஏச்சில்லை. கிளினிக் நாளன்று நானும் வெளிக்கிட்டு நின்றால், "தேவையில்லை, நான் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தனியே பஸ் ஏறிவிடுகிறார்.